பலாமரத்துப் பாம்பு

பறவை பொய் சொல்லாது என்பது எங்கள் அம்மா வீட்டில் சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்து சொன்னாலும் நம்பாதவர்கள், கொல்லையில் நாலு தவிட்டுக்குருவி கூடிக் கத்தினால் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நானும் அந்தச் சட்டத்தை நம்பித்தான் வளர்ந்தேன். நம்பியதில் ஒரு வீடு போயிற்று. இத்தனை வயதுக்குப் பிறகும் நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், வாய்க்கால் கரையை ஒட்டி இருந்தது. முன்னால் இரண்டு அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கொஞ்சம் கமுகு, நாரத்தை, மதில் ஓரத்தில் ஒரு கிழட்டுப் பலாமரம். அம்மாவைப் பெற்ற தாத்தா அவளுக்கு மஞ்சக்காணியாகக் கொடுத்தது. கட்டிக்கொடுத்த மகளுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று எழுதாமல் வாய்ச்சொல்லாகவே விடும் நிலத்துக்கு அந்தப் பெயர். எனக்கு விவரம் தெரிவதற்குள் அப்பா போய்விட்டார். மஞ்சளும் குங்குமமும் அவரோடு போக, காணி மட்டும் அம்மாவுக்கு மிஞ்சியது.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் சீசனுக்கு வருகிறவர்கள் அருவிக்கரையில் இடம் கிடைக்காமல் எங்கள் பக்கம் வரைக்கும் வந்து வீடு கேட்பார்கள். முன் அறைகளை அவர்களுக்கு விட்டுவிட்டு நானும் அம்மாவும் அடுப்படியில் படுத்துக்கொள்வோம். அந்த வாடகையும் கமுகும்தான் வருஷம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டன. யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் என்னை வளர்த்துவிடலாம் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தது அந்த இரண்டு அறைகளை வைத்துத்தான்.

எனக்கு அப்போது ஒரு காது உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள். வல்லூறு மேலே வட்டமிட்டால் கரிச்சான் ஒரு மாதிரி கத்தும். பூனை வந்தால் அணில் வாலைத் தூக்கித் தூக்கி, விட்டு விட்டுக் கத்தும். பாம்பு என்றால் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். தவிட்டுக்குருவிகள் ஆரம்பித்து வைக்கும், மைனா வரும், கொண்டைக்குருவி வரும், கடைசியில் சம்பந்தமே இல்லாத காக்கையும் வந்து பஞ்சாயத்தில் உட்கார்ந்துகொள்ளும். சத்தம் கிளைக்குக் கிளை நகர்ந்தால் பாம்பு போய்க்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் அது எதையோ குறி வைத்து உட்கார்ந்திருக்கிறது. இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. தோப்பு வீட்டில் கூட விளையாட ஆள் இல்லாத பிள்ளை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏட்டி, இங்கன வா. எங்க முருங்கையில குருவி கெடந்து கத்துது. என்னன்னு கேட்டுச் சொல்லு" என்று பக்கத்துத் தோப்பு ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவாள். நான் இருந்த இடத்திலிருந்தே காதைக் கொடுத்துவிட்டு, "பூனைதான் ஆச்சி, பயப்படாதிய" என்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். பாம்பு என்று நான் சொன்ன இடத்தில் பாம்பு இல்லாமல் போனதே இல்லை.

அந்தக் காலத்தில் பாம்பைப் பற்றியும் பறவையைப் பற்றியும் சொல்லாத கதை கிடையாது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, கடிபட்டவனை எரிக்கும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். மயில் அகவினால் பாம்பின் கருவே கலைந்துவிடுமாம். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத பெண் இல்லை. ஒரு நாள் நாங்கள் அருவியில் குளித்துவிட்டுத் துணி பிழிந்துகொண்டிருந்தபோது, ஒரு கருடன் காலில் பாம்போடு தாழப் பறந்து வந்தது. இரண்டு காக்கைகள் துரத்திக் கொத்தியதில் பிடி நழுவிப் பாம்பு நேரே பெண்கள் நடுவில் வந்து விழுந்தது. பாதி உடுத்தியும் உடுத்தாமலும் எல்லாரும் ஓடிய ஓட்டத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். ஒருத்தி மட்டும் ஓடாமல் நின்று, "சாமி போட்டது, யாரும் கல்லெடுக்காதிய" என்று கும்பிட்டாள். அது வெறும் தண்ணிப்பாம்பு. கும்பிடு முடியும் வரை காத்திருக்காமல் பாறை இடுக்கில் நுழைந்து போய்விட்டது.

இப்போது மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மூத்தவர், கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். தென்காசி ஊருக்குள் தாத்தா வீட்டில் குடியிருந்தார். சீசனுக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக் குற்றாலத்தில் பங்களா கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி. மடியில் எப்போதும் ஒரு சுருள் கட்டுக்கம்பியும் ஒரு குறடும் இருக்கும். வாளிக்குக் கைப்பிடி அறுந்தால், குடைக்கு எலும்பு ஒடிந்தால், கதவுக் கொண்டி கழன்றால் எல்லாவற்றுக்கும் மாமாவின் கம்பிதான் வைத்தியம். கம்பியை முறுக்கிவிட்டு அதன் முனையை உள்பக்கமாக வளைத்து, முறுக்குக்குள்ளேயே செருகிவிடுவார். "யாரு கையையும் கிழிச்சிரப்புடாதுல்லா" என்பார். வேறு எவரும் அப்படி முடிந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அவர் மேல் உயிர். காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்தேன். பூப்பெய்தினால் உட்காரவைக்க ஓலைக் குச்சில் கட்டுவது அவர், கல்யாணத்தன்று நெற்றியில் பட்டம் கட்டுவது அவர். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமனும் இல்லையென்றால் மேடையில் யார் நிற்பார்கள் என்று அம்மா யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். மாமா வாய்க்கால் பாலத்தில் வருவதைக் கண்டதும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு சாரல் காலத்தில் வாய்க்கால் ஓரத் தாழம்புதரில் செம்போத்து கூடு வைத்திருந்தது. செம்போத்துக்கு ஒரு கதை உண்டு. அதன் குஞ்சைக் கூட்டில் வைத்தே இரும்புக் கம்பியால் கட்டிவிட்டால், தாய்ப்பறவை மலைக்குப் போய் ஒரு வேரைக் கொண்டுவருமாம். வேர் பட்டதும் இரும்பு பொடிந்துபோகுமாம். பிறகு கூட்டைப் பிரித்து ஓடும் தண்ணீரில் போட்டால் மற்றக் குச்சியெல்லாம் தண்ணீரோடு போக, அந்த வேர் மட்டும் எதிர்த்து வருமாம். அது கையில் இருந்தால் பூட்டுத் திறக்கும், பாம்பு கட்டுப்படும், நினைத்த இடம் கைக்கு வருமாம். மாமாவுக்கு இதில் பெரிய நம்பிக்கை. புதருக்குள் கையை விட்டு, இருந்த குஞ்சுகளில் ஒன்றின் காலில் கம்பியைச் சுற்றித் தாழைத் தண்டோடு முடிந்துவிட்டு வந்தார். முனையை உள்ளே மடிக்கவும் மறக்கவில்லை.

வேர் எதுவும் வரவில்லை. தாய் தன் பாட்டுக்கு ஓணானும் வெட்டுக்கிளியும் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் தாழம்புதர்ப் பக்கம் கத்தல் எழுந்தது. கேட்டதுமே பாம்பு என்று எனக்குத் தெரிந்தது. ஓடினேன். ஒரு சாரை கூட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தது. செம்போத்து இரண்டும் சிறகை விரித்துக்கொண்டு விழுந்து விழுந்து கொத்தின. சிறகு முளைத்த குஞ்சு ஒன்று கீழே குதித்துப் புல்லுக்குள் ஓடிவிட்டது. கட்டிப் போட்ட குஞ்சு குதித்தது, திரும்ப வந்து கூட்டிலேயே விழுந்தது, மறுபடி குதித்தது. நான் கல்லை எடுத்து வீசுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. தாழைத் தண்டில் கம்பி இருந்தது, கம்பியில் ஒரு கால் இருந்தது.

மாமா வந்து பார்த்துவிட்டு, "சவத்த விடு, கூடாவது மிஞ்சிச்சே" என்று சொல்லிக் கூட்டை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் உதிர்த்தார். மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் சுழித்துத் திரும்பும். எதைப் போட்டாலும் அந்த இடத்தில் கொஞ்ச தூரம் பின்னால் வரும், நான் காகிதக் கப்பல் விட்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பி வந்த ஒரு குச்சியை மாமா பாய்ந்து பிடித்தார். முழங்கால் வரை நனைந்துகொண்டு கூத்தாடினார். அதைப் பொடி டப்பியில் வைத்து மடியில் செருகிக்கொண்டார். நான் அழுதுகொண்டு அடுப்படிக்குப் போனேன். "மாமா வேணும்னா செஞ்சாவ? விடுட்டி" என்றாள் அம்மா. அம்மா அவருக்காகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கு அடுத்த தை மாதம் மாமா எங்கள் மதிலை ஒட்டிய இடத்தை வாங்கிச் செங்கலும் சுண்ணாம்பும் போட்டு வைக்க ஒரு கொட்டகை கட்டினார். அண்ணன் பக்கத்தில் வந்துவிட்டார் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். தினமும் மோர் கொடுத்து அனுப்புவாள். கொட்டகை முடிந்து கொஞ்ச நாளில் பலாமரத்தில் கத்தல் தொடங்கியது.

முதல் நாள் தவிட்டுக்குருவிகள் ஆரம்பித்தபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மைனா சேர்ந்துகொண்டது, கொண்டைக்குருவி வந்தது, காக்கையும் வந்தது. பாம்பேதான். மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். உச்சிக்குக் கீழே, இரண்டு கிளை பிரியும் இடத்தில், இலைகளுக்குள் தடித்த உடம்பு ஒன்று தெரிந்தது. நான் பார்க்கும்போதே மெல்ல நகர்ந்தது. தலை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பொந்துப் பக்கம் போய் மறைந்துவிட்டது. மறுநாளும் அதே கத்தல், அதே கிளை. அதற்கு மறுநாளும் அப்படியே.

மரமேறி முட்டை தின்னும் பாம்பு ஒரு கூட்டைக் காலி செய்தால் வேறு மரம் பார்த்துப் போய்விடும். இது போகவில்லை. அதுவே அம்மாவுக்குப் பயமாகிவிட்டது. ஒரே இடத்தில் பறவைகள் நாள்தோறும் கூடிக் கத்தினால் அங்கே நாகம் காவலுக்கு வந்திருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. அடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. வீட்டை ஆறப்போட வேண்டும். அதாவது வீட்டை நாகத்துக்கு விட்டுவிட்டு, ஒரு வருஷம் அங்கே அடுப்புப் பற்ற வைக்காமல் இருப்பது. நாகம் தானாக இறங்கிப் போனால் திரும்பக் குடிபோகலாம்.

மாமா ஒரு நாள் காலையில் ஓடி வந்தார். முகமெல்லாம் வியர்வை. "தங்கச்சி, நல்லபாம்பு. பலா மூட்டுல படம் எடுத்து நின்னுது, என் கண்ணால பாத்தேன்" என்றார். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணே செய்யச் சொல்லுதிய?"

"நான் என்னத்தச் சொல்ல? புளியறைப் பக்கம் பாம்புக்காவுப் பூசாரிட்ட கேட்டுட்டு வந்தேன். வீட்ட ஆறப்போடுங்கான். எனக்கே மனசு வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா என் பேச்ச மட்டும் கேட்டு நீ எறங்க வேண்டாம். நம்ம பிள்ள இருக்கால்லா, அவ சொல்லட்டும்."

அன்று மத்தியானம் பக்கத்துத் தோப்பு ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். மாமாவே போய்க் கூட்டி வந்தார். எல்லாரையும் மரத்துக்கு எட்டத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, கொட்டகையில் சுண்ணாம்பு நனைகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று மதிலுக்கு அந்தப் பக்கம் போனார். போன கொஞ்ச நேரத்தில் கத்தல் எழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்டேன். பார்த்தேன். இலைக்குள் அந்த உடம்பு அசைந்தது.

"பாம்புதான்" என்றேன்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுட்டி" என்றாள் ஆச்சி.

"பாம்புதான் ஆச்சி. சந்தேகமே இல்ல."

நான் சொன்னது பாம்பு என்று மட்டும்தான். அதற்குப் படம் வைத்தவர் மாமா. அதற்குள் பெண்கள் குலவையிட்டுவிட்டார்கள். மாமா திரும்பி வந்து என் தலையில் கை வைத்து, "எம் மருமவ சொன்னா அப்பீல் கெடையாது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் இறங்கினோம், அது மாசி மாதம். அம்மா அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். சாம்பலை வழித்துக் கமுகு மரத்தடியில் போட்டாள். சிரட்டையில் பால் ஊற்றிப் பலாமரத்தடியில் வைத்து, மஞ்சள்பொடி தூவி விழுந்து கும்பிட்டாள். அவள் அழுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், அழவில்லை. சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி, முகத்தை மாட்டுப் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

தென்காசியில் மாமா வீட்டுப் பின்கட்டில் எங்களுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். கொடுத்த மறுநாளே அத்தைக்கு முதுகு வலி வந்துவிட்டது. அடுப்படி முழுக்க அம்மாவுடையதாயிற்று. அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதா என்று அம்மாவே சொல்லிக்கொண்டாள். வந்தவர்களிடம் அத்தை, "எங்க நாத்தனா. நாகம் வந்து வீட்ட விட்டு எறங்கி வந்திருக்கா" என்பாள். ஊரில் அதனால் எங்களுக்கு ஒரு மரியாதைகூட இருந்தது. என்னைக் காட்டி, குருவி பேச்சுக் கேட்கிற பிள்ளை என்பார்கள். நான் நிமிர்ந்து நிற்பேன். மாசி வந்தால் திரும்பிப் போய்விடலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனி பிறந்தது. மாசி வர இன்னும் எவ்வளவோ இருந்தது. சாரல் கட்டி, தெருவெல்லாம் குற்றாலம் போகும் வண்டிகள். ஒரு நாள் மாமா சாப்பிட உட்கார்ந்தபோது, "தங்கச்சி, தோப்பு வீட்டுல மதுரக்காரவ குடும்பம் ஒண்ண எறக்கிருக்கேன். அவியளுக்கும் சேத்துச் சமச்சிரு. நம்ம பிள்ள வண்டியில கொண்டு போய்க் குடுத்துட்டு வரட்டும்" என்றார்.

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். "வீட்டத்தான் ஆறப்போட்டிருக்கோமேண்ணே?"

"அடுப்புத்தான பத்த வைக்கப்புடாது? அதான் சாப்பாடு இங்கேர்ந்து போகுது. வழக்கத்த நான் மீறல" என்றார் மாமா. சாதத்தில் குழி பண்ணிக் குழம்புக்குக் காத்திருந்தார். அம்மா ஊற்றினாள்.

அப்படியாக எங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்களுக்கு என் அம்மா சமைத்தாள், நான் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதுரைக்காரர்கள் நல்ல மாதிரி. சூடு ஆறாமல் வருகிறது என்று மெச்சினார்கள். அவர்களுக்கு நாகம் என்ற பேச்சே தெரியாது. வாசல் படியில் நின்று நான் தூக்குச்சட்டியை நீட்டுவேன், அவர்கள் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். உள்ளே வா என்று அவர்கள் சொன்னால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் நான் போனபோது காற்றோடு சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் தவிட்டுக்குருவிகள் கத்தின. மைனா, கொண்டைக்குருவி எல்லாம். மதுரைக்கார அம்மாள் கலங்கிப்போய், "பாம்பு ஏதாவது இருக்கப்போகுதும்மா" என்றாள். நான் பின்பக்கம் போனேன். கும்பிட்டுக்கொண்டேதான் போனேன்.

பலாமரத்தில், பொந்திலிருந்து பாதி வெளியே வந்து அது தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்கு ஆடியது. அதன் வயிற்றில் ஓர் அணில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. பாம்பின் மேல் அணில் உட்காருமா? நான் கிட்டே போனேன். அணில் வாய் நிறையத் தேங்காய்த் தும்பைக் கவ்விக்கொண்டு கூடு கட்ட ஓடியது. மதிலில் கால் வைத்து மரத்தில் ஏறி, வாலைப் பிடித்து இழுத்தேன். முழுசாக என் மேல் வந்து விழுந்தது.

சாரைப்பாம்பின் தோல். உரித்துக் காய வைத்துத் தும்பை அடைத்து, கோணி ஊசியால் தைத்திருந்தது. அதோடு நீளமான சணல் கயிறு ஒன்று கிளைக்கவட்டில் புகுந்து மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டகைக்குள் போயிற்று. கயிற்றை இழுத்தால் பாம்பு நகரும், விட்டால் பொந்துக்குத் திரும்பும். பாம்பின் கழுத்திலும் வாலிலும் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். முனை உள்ளே மடித்துச் செருகியிருந்தது. என் கையைக் கிழிக்கவில்லை.

மேலே குருவிகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. அவை அன்றும் பொய் சொல்லவில்லை, இன்றும் பொய் சொல்லவில்லை. பாம்பைப் போல ஒன்றைக் கண்டால் கத்துவது அவற்றின் பிழைப்பு. நானும் பொய் சொல்லவில்லை. எங்கள் எல்லாரையும் வைத்து ஒரு மனிதர் பொய் சொல்லிக்கொண்டார். மடியில் என்னை உட்கார்த்திக் காது குத்திவிட்ட மனிதர், அந்தக் காதையே எடுத்துத் தன் காரியத்துக்கு வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது.

தோலைச் சுருட்டித் தூக்குச்சட்டிக்குள் திணித்து, வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு தென்காசி வந்தேன். அம்மா அடுப்படியில் தனியாக இருந்தாள். மூடியைத் திறந்து அவள் முன்னால் கவிழ்த்தேன். தும்பு தரையெல்லாம் சிந்தியது.

"பாரும்மா. இதான் நாகம். மாமா கட்டுன முடிச்சு, பாரு. கயிறு கொட்டகைக்குள்ள போகுது. இப்பவே கெளம்பு, ஊரக் கூட்டி இதக் காட்டுவோம். வீடு நம்ம வீடு."

அம்மா குனிந்து கம்பி முறுக்கை விரலால் தொட்டாள். திடுக்கிடுவாள் என்று பார்த்தேன். கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். தோலைத் தூக்கி அடுப்புக்குள் வைத்தாள். நான் பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். சிந்தின தும்பைக் கூட்டி அள்ளி அதையும் போட்டாள்.

"இத அங்கனயே விட்டுட்டு வந்திருக்கப்புடாதாட்டி" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "ஒனக்குத் தெரியுமாம்மா?"

"அண்ணன் கொட்டகைக்குப் போன பொறவுதான் குருவி கத்தும். ஒரு நாளா ரெண்டு நாளா? எனக்கும் காது இருக்குல்லா."

"தெரிஞ்சுமா எறங்குன?"

"எறங்காம? தாலியறுத்தவ ஒருத்தி அண்ணங்கூட வழக்காடி அந்தத் தோப்புல எத்தன நாள் இருப்பேன்? வீட்ட வச்சுக்கிட்டு அண்ணன விட்டா, நாளைக்கு ஒனக்குப் பட்டம் கட்ட யாரு வருவா? ஒனக்கு மாமன் வேணும்லட்டி."

"அப்போ என்ன ஏம்மா சொல்ல விட்ட? அத்தன பேரு முன்னால பாம்பு பாம்புன்னு நான் சொன்னேனே. ஒரு கண்ண அசைச்சிருந்தா வாய மூடிருப்பேனே."

அம்மா ஊதுகுழலை எடுத்து ஊதினாள். தோல் சுருண்டு எரிந்தது. கம்பி மட்டும் சிவந்து கிடந்தது. அதையும் குறட்டால் எடுத்துச் சாம்பலுக்குள் புதைத்தாள்.

"நீ சொன்னதாலதான் நான் அழாம வண்டியேறுனேன். கூடப்பொறந்தவன் தொரத்துனான்னு இல்லாம, பாம்பு தொரத்துச்சுன்னு ஆச்சுல்லா."

அந்த நேரத்தில் மாமா சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்து மூக்கைச் சுளித்தார். "என்ன தங்கச்சி, என்னமோ கருகுத வாட?"

"தும்புண்ணே. பாத்திரம் தேய்க்க வச்சிருந்தது, அடுப்புல விழுந்துட்டு" என்றாள் அம்மா. இலை போட்டுச் சாதம் வைத்தாள். நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வழக்கம்போல் என் தலையைத் தடவினார்.

மாசி வந்து போயிற்று. திரும்பிப் போகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அடுத்த சீசனுக்குள் மதிலை இடித்துக் கொட்டகையையும் வீட்டையும் ஒன்றாக்கி மாமா பங்களா எழுப்பிவிட்டார். பலாமரத்தை வெட்டிக் கதவு செய்தார்கள். என் கல்யாணத்தன்று மாமாதான் பட்டம் கட்டினார், நாலு பேர் மெச்சும்படி சீர் வைத்தார். அம்மா மேடைக்குக் கீழே தூணோரம் நின்று கண் நிறைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டைக் கொடுத்து வாங்கியது அந்த ஒரு காட்சியைத்தான். மாமா மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு வடிவம் இருந்தது, திட்டித் தீர்க்க முடிந்தது. அம்மா மேல் இருந்ததை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு குத்துக்கல்வலசையில். போன புதிதில் கொல்லையில் குருவிகள் கூடிக் கத்தியபோது மாமியார், "நீதானே கேட்டுச் சொல்லுத பிள்ள? என்னன்னு சொல்லு" என்றாள். எனக்குத் தெரிந்தது, பாம்புதான். "தெரியல அத்தை" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தட்டிச் சத்தம் பண்ணினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டும் நான் சொன்னதில்லை.

ஆனால் கதை என்னைவிட முந்திக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டது. குற்றாலத்துப் பக்கம் பலாமரத்தில் நாகம் காவல் இருந்ததாம், குருவிகள் வந்து சொன்னதாம், ஒரு சின்னப் பிள்ளை அதைக் கேட்டுச் சொன்னதாம், தாயும் மகளும் வீட்டை நாகத்துக்கு விட்டு இறங்கினார்களாம். அந்தப் புண்ணியத்தில்தான் அண்ணன்காரன் பங்களா கட்டும் அளவுக்கு விருத்தியானானாம். என் வீட்டுக்கே வந்து, அது நான்தான் என்று தெரியாமல், எனக்கே சொல்லியிருக்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

அம்மா உயிரோடு இருந்த வரைக்கும் அதை நான் மறுத்ததில்லை. போன ஐப்பசியில் அவளும் போய்விட்டாள். இப்போது சொல்கிறேன், அந்தப் பலாமரத்தில் பாம்பு இருந்ததே இல்லை.